அபாய ரோமமும் மாப்பிள்ளை சாரும்

மாப்பிள்ளைக்கு ஒரு நாற்காலி தேவைப்பட்டது. அரசாங்கத்துக்கு ஒரு பொறுப்பு அதிகாரி தேவைப்பட்டார். இரண்டு தேவைகளையும் ஒரே கையெழுத்தில் முடித்துவிட்டார் கம்பளி மில் முதலாளி.

மாப்பிள்ளை என்றால் முதலாளியின் தங்கை கணவர். கல்யாணமானதிலிருந்து மனைவி வீட்டு மாடியில் குடியிருந்துகொண்டு, குடை வியாபாரம், மெழுகுவத்தி ஏஜென்சி, தட்டச்சுப் பள்ளி என்று ஒவ்வொன்றாகத் தொடங்கி, ஒவ்வொன்றும் தானாகவே கண்ணை மூடும்வரை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர். மில்லில் வேலை ஒன்றும் இல்லாவிட்டாலும் தினமும் சலவைச் சட்டையோடு அங்கே போய் நிற்பார். வாசல் காவலாளியிலிருந்து எல்லாரும் அவரை 'மாப்பிள்ளை சார்' என்றார்கள். 'சார்' என்பதில் இருந்த மரியாதை அவர் காதில் விழுந்தது. 'மாப்பிள்ளை' என்பதை அவர்கள் எந்த ராகத்தில் இழுத்தார்கள் என்பது விழவில்லை.

அந்த மில்லுக்கு ரோமம் கடல் கடந்து வரும். இரும்புப் பட்டை போட்டு இறுக்கிய சாக்கு மூட்டைகள். உயிரோடு நின்ற ஆட்டில் கத்தரித்த ரோமமும் இருக்கும், செத்து விழுந்த ஆட்டில் வழித்த ரோமமும் இருக்கும். செத்த ஆடு அடைப்பான் நோயில் செத்ததாக இருந்தால், அந்த நோயின் வித்து ரோமத்தோடு ரோமமாக மூட்டைக்குள் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கும். பட்டையை வெட்டி மூட்டையைப் பிரித்தவுடன் தூசியோடு எழுந்து, பிரித்தவரின் தோல் கீறலிலோ மூக்கிலோ குடியேறும். தோலில் ஏறினால் ஒரு சின்னக் கொப்புளம், வலிக்காது, நடுவில் கறுக்கும். உடனே மருந்து கொடுத்தால் ஆள் பிழைத்துக்கொள்ளலாம். நெஞ்சுக்குள் இறங்கிவிட்டால் டாக்டர் கையை விரித்துவிடுவார்.

இதற்காக அரசாங்கம் விதிகள் போட்டிருந்தது. உண்மையிலேயே நல்ல விதிகள். சிவப்பு முத்திரை குத்திய அபாய மூட்டையைத் தண்ணீரில் ஊறவைத்த பிறகே பிரிக்க வேண்டும். கம்பிவலை மேசைமேல் வைத்துப் பிரிக்க வேண்டும். மேசைக்கு அடியில் ஒரு விசிறி ஓடித் தூசியைக் கீழே இழுத்துக் குழாய் வழியாக வெளியே தள்ள வேண்டும். அந்த அறையில் தின்னக் குடிக்கக் கூடாது. மேலங்கியை அங்கேயே கழற்றி மாட்டி, கை முகம் கழுவிய பிறகுதான் வெளியே போக வேண்டும். தொழிலாளி உடம்பில் கொப்புளம் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். இத்தனையையும் கவனிக்க ஒரு பொறுப்பு அதிகாரி.

முதலாளி ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஊறவைக்கும் தொட்டி கட்டினார். அது எதிர்பார்த்ததைவிட அழகாக அமைந்துவிட்டதால் அலுவலக வாசலில் அதற்கு நீல வண்ணம் அடித்துத் தங்கமீன் விட்டார். விசிறி வாங்கிப் பொருத்தினார். புது விசிறி வீணாய்ப் போகக் கூடாதே என்று, தூசி படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு மூடிவைத்தார். முகமூடிகள் அலமாரியில் இருந்தன. அலமாரிச் சாவி முதலாளி வீட்டில் இருந்தது. 'இந்த அறையில் உண்ணக் கூடாது' என்ற பலகை ஒரு பெரிய ஆணியில் தொங்கியது. அந்த அறையில் இருந்த ஒரே ஆணி அதுதான் என்பதால், மூட்டை பிரிக்கும் பெண்கள் தங்கள் சாப்பாட்டுப் பைகளை அதில்தான் மாட்டினார்கள்.

மிச்சம் இருந்தது பொறுப்பு அதிகாரி. அதற்கு மாப்பிள்ளை அகப்பட்டார்.

"மாப்பிள்ளை, இது சாதாரணப் பதவி இல்ல. வெளியாள் யாருக்காவது குடுக்க மனசு வரல. நம்ம ரத்த சொந்தம் ஒருத்தர் இருக்கறப்ப எதுக்குங்க?" என்றார் முதலாளி.

ரத்தத்துக்கும் மாப்பிள்ளைக்கும் சம்பந்தம் இல்லையே என்று யாரும் யோசிக்கவில்லை. மாப்பிள்ளை யோசிக்கும் நிலையில் இல்லை. அவருக்கென்று தனி அறை, கதவில் பித்தளைப் பெயர்ப்பலகை, சுழலும் நாற்காலி. பச்சை மைப் பேனா ஒன்றைத் தானே வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

"பாத்தீங்களா, எங்கண்ணன் உங்கள எவ்வளவு நம்பறாருன்னு?" என்றாள் மனைவி. அன்று மாலைக்குள் தெருவில் இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் அந்த நம்பிக்கை தெரிந்துவிட்டது.

நாற்காலியின் சுகம் டாக்டர் வரும் நாள்வரை நீடித்தது.

மில் டாக்டர் வாரம் ஒருமுறை வருவார். வந்ததும் யாரையும் பரிசோதிக்க மாட்டார், யாரும் காட்டமாட்டார்கள். கொப்புளம் என்று சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அந்த இடத்தில் வேறு ஆளை நிறுத்திவிடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே டாக்டர் ஒரு டீ குடித்துவிட்டு, எல்லாரும் நலம் என்று சொல்லிவிட்டுப் போவார். அன்று டீயைப் புது அதிகாரியின் அறையில் குடித்தார்.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டார்.

"பச்சை மையில."

"அடடே. அப்ப கோர்ட்டுல தூரத்துலேர்ந்தே தெரியும்."

மாப்பிள்ளை சிரித்தார். டாக்டர் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

"என்ன கோர்ட்டு?"

"உங்களுக்கு யாரும் சொல்லலியா? ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மில் இருக்குல்ல. அங்க ஒரு ஆள் அடைப்பான்ல செத்துட்டான். முதலாளிய விசாரிச்சாங்க. 'நான் அதுக்குன்னே ஒரு பொறுப்பு அதிகாரியப் போட்டிருக்கேனே'ன்னாரு. சரின்னு அவர விட்டுட்டாங்க."

"அந்த அதிகாரி?"

"அவர விடல. நல்ல மனுஷன். அவரும் முதலாளிக்கு ஏதோ சொந்தம்தான்."

சுழலும் நாற்காலி லேசாக ஒரு பக்கம் திரும்பியது.

"பயப்படாதீங்க" என்றார் டாக்டர், பிஸ்கட்டை டீயில் முக்கி எடுத்தபடி. "கொப்புளம் வந்தா உங்க தப்பு இல்ல. வந்தது தெரிஞ்சும் அன்னைக்கே அனுப்பாம மறைச்சீங்கன்னா, அதுதான் உங்க தப்பு."

"அது எங்க வரும் டாக்டர்?"

"அனேகமா கழுத்துல. மூட்டைய முதுகுல தூக்கறாங்கல்ல, உரசும்."

மறுநாள் காலையிலிருந்து மாப்பிள்ளை கழுத்துப் பார்க்க ஆரம்பித்தார். மூட்டை பிரிக்கும் அறை வாசலில் நின்றுகொண்டு, உள்ளே போகும் ஒவ்வொருவரையும் நிறுத்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இடம் வலம் திரும்பச் சொல்லிப் பார்த்தார். தொழிலாளிகள் மேல் இப்படி ஓர் அக்கறை அந்த மில்லில் அதுவரை யாருக்கும் வந்ததில்லை. அது முழுக்க முழுக்கத் தன் கழுத்தைப் பற்றிய அக்கறை என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

அந்த அறைக்கு மூத்தவள் பெரியக்கா. வயது அவ்வளவு ஒன்றும் இல்லை. வாய்தான் பெரியது என்பதால் அந்தப் பெயர். வெயிலானாலும் குளிரானாலும் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டுதான் வேலை செய்வாள்.

"என்ன மாப்பிள்ளை சார், பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி கழுத்தையே பாக்கறீங்க? பிடிச்சிருக்கா, இல்ல ஊருக்குப் போய் லெட்டர் போடறீங்களா?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது.

"இது உங்க நல்லதுக்குத்தாம்மா. புண்ணு, கொப்புளம் ஏதாவது இருக்கா?"

"வாயிலதான் புண்ணு. உங்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி வந்தது."

"கைய ஒரு தடவை காட்டுங்க."

"கழுத்துன்னுதானே சொன்னீங்க? கழுத்தப் பாத்தாச்சில்ல? நாளைக்குக் காலு, நாளன்னைக்குக் காதுன்னு வந்தா மூட்டைய யாரு பிரிக்கறது, நீங்களா?"

அவள் உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளையும் விட்டுவிட்டார். டாக்டர் கழுத்து என்றுதான் சொல்லியிருந்தார்.

கழுத்தைப் பார்த்தால் மட்டும் போதாது, கொப்புளம் வராமலே இருந்தால் இன்னும் நிம்மதி என்று மாப்பிள்ளைக்கு இரண்டொரு நாளில் உறைத்தது. மச்சானிடம் போய் நின்றார்.

"மச்சான், மூட்டைய ஊறவைக்கணும்னு விதி சொல்லுது."

"தொட்டி கட்டியிருக்கோமே."

"அதுல மீன் இருக்கு மச்சான்."

"அதான் நானும் கேக்கறேன். மீன எங்க விடறது?" என்றார் முதலாளி. கேள்வி நியாயமாக இருந்ததால் மாப்பிள்ளை அடுத்த விதிக்குப் போனார்.

விசிறியைப் பற்றிக் கேட்டார். விசிறி இருக்கிறதே என்றார் முதலாளி. உறையைப் பற்றிக் கேட்டார். உறை இல்லாவிட்டால் விசிறிக்குள் தூசி போய்விடும் என்றார். பிறகு எழுந்து வந்து மாப்பிள்ளையின் தோளில் கைவைத்தார்.

"மாப்பிள்ளை, நாற்காலி குடுத்தது உக்கார. சும்மா சும்மா எழுந்து வந்தா எப்படி?"

இந்தச் சமயத்தில்தான் கேடயச் செய்தி வந்தது. தொழிலாளர் பாதுகாப்பில் முதலிடம் என்று அந்த மில்லை அரசாங்கம் தேர்ந்தெடுத்திருந்தது. கொப்புளம் கண்டதாக ஒரு தகவல்கூட அனுப்பாத ஒரே மில் அதுதான். தொழிலாளர் நல ஆணையரே நேரில் வந்து கேடயம் கொடுப்பார். அந்த விதிகளை உட்கார்ந்து எழுதியவரும் அவர்தான். விழா மண்டபத்தில் வேண்டாம், தொழிலாளி வேலை செய்யும் இடத்திலேயே நடக்கட்டும், ஓர் அபாய மூட்டையைத் தன் கையாலேயே பிரிக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அவர் எழுதிய எதையும் அதுவரை அவர் நேரில் பார்த்ததில்லை.

முதலாளி மூட்டை பிரிக்கும் அறைக்கு வெள்ளையடித்தார். பெண்களுக்கு ஒரே அளவில் புது மேலங்கி தைத்தார். விசிறியின் உறையைத் தன் கையாலேயே கழற்றினார். கம்பிவலை மேசைக்குப் பின்னால் மேடை, மேடைமேல் நாற்காலிகள். முதல் நாள் ஒத்திகைக்காக ஆணையரின் நாற்காலியில் தானே உட்கார்ந்து, வரவேற்புரைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "விசிறியப் போடு" என்றார்.

ஒயர்மேன் சுவிட்சைத் தட்டினார். விசிறி நன்றாகவே வேலை செய்தது. வரவேற்புரை முதலாளியின் கையிலிருந்து பறந்து போய்க் கம்பிவலையில் பல்லிபோல் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுப்பதற்குள் பாதி உரை குழாய் வழியாக வெளியேறிவிட்டது.

"என்னய்யா இது, இழுக்குது?"

"இழுக்கத்தானுங்க இது" என்றார் ஒயர்மேன்.

"நாளைக்கு ஆணையர் பேச்சு இப்படிப் போச்சுன்னா? இத மேல ஊத வைக்க முடியாதா? வெயில் நேரம் வேற. ஜிலுஜிலுன்னு மேடைக்கு அடிச்சா மனுஷனுக்கு நல்லா இருக்கும்."

"ரெண்டு ஒயர மாத்திக் குடுத்தா எதிர்ப்பக்கம் சுத்தும். காத்து மேல வந்துடும்."

"மாத்து."

மூலையில் நின்றிருந்த மாப்பிள்ளை முன்னால் வந்தார். "மச்சான், அப்ப தூசியும் மேலதான வரும்?"

"ஒரு மூட்டை. ஒரு நிமிஷம். படம் எடுத்ததும் நிறுத்திடலாம்."

"நனைச்சாவது பிரிக்கலாமே?"

"நனைஞ்ச மூட்டையத் தொட்டு அவரு சட்டை பாழாகவா? சும்மா இருங்க மாப்பிள்ளை."

"அப்ப சிவப்பு முத்திரை இல்லாத மூட்டை ஒண்ணு..."

"படத்துல எடுப்பா இருக்கறதே அந்தச் சிவப்பு முத்திரைதான். நல்ல காரியம் நடக்கறப்ப குறுக்க நின்னு தும்மாதீங்க."

அன்றிரவு மாப்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. "நாளைக்கு மேடையில உங்களுக்கும் நாற்காலி போட்டிருக்காராம்ல அண்ணன்?" என்றாள் மனைவி. கடைசி நாற்காலி போட்டிருந்தார். கதவுக்குப் பக்கத்தில் இருந்தது என்ற ஒன்றுதான் மாப்பிள்ளைக்கு ஆறுதல்.

மறுநாள் ஆணையர் வந்தார். தோளும் தொந்தியும் நிறைந்த ஆகிருதி, கோட்டில் பூ. புது மேலங்கியில் பெண்களை ஒரு சுவரோரமாக நிற்க வைத்திருந்தார்கள். 'இந்த அறையில் உண்ணக் கூடாது' என்ற பலகைக்கு நேர்கீழே மேடைக்காரர்களுக்கு டீயும் பிஸ்கட்டும் வந்தன. விசிறி மேல்நோக்கி ஊதியது. ஆணையரின் முகம் மலர்ந்தது.

"என்ன இதமான சூழல்" என்றார் முதலாளி பக்கம் சாய்ந்து. "எல்லா மில்லும் இப்படி இருக்கணும்."

பிறகு பேசினார். தூசிதான் தொழிலாளியின் முதல் எதிரி என்றார். கண்ணுக்குத் தெரியாத எதிரியைக் கண்ணுக்குத் தெரியும் விதிகளால் வென்றுவிட்டோம் என்றார். தான் அந்த விதிகளை எழுதிய நாட்களில் சரியாகத் தூங்கவில்லை என்றார். அவர் குரல் கட்டும்வரை பேசினார். அதன்பின் எழுந்து வந்து, கையில் கொடுத்த வெட்டுக்கத்தியை வாங்கி, புகைப்படக்காரர் தயாரா என்று பார்த்துக்கொண்டு, சிவப்பு முத்திரை மூட்டையின் இரும்புப் பட்டையை வெட்டினார்.

இறுக்கிக் கட்டிய மூட்டை பெருமூச்சு விட்டதுபோல் பிளந்தது. விசிறி அந்த மூச்சைத் தூக்கிக்கொண்டது.

அடுத்த கணம் மேடை காணாமல் போயிற்று. பழுப்பு ரோமமும் தூசியும் கம்பிவலையிலிருந்து சுழன்று எழுந்து நாற்காலிகளை, பூச்செண்டை, கேடயத்தை, டீக் கோப்பைகளை மூடின. தும்மல்கள் மட்டும் கேட்டன. யாரோ சுவிட்சைத் தேடி நிறுத்தி, தூசி அடங்கியபோது, மனிதராக மேடை ஏறிய ஆணையர் பாதி ஆடாக நின்றுகொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. உள்ளேயும் ரோமம்.

முதலாளி கைக்குட்டையை எடுத்து ஆணையரைத் தட்டிவிட ஓடினார். தட்டத் தட்டத் தூசி மறுபடி எழுந்தது. ஆணையர் கதவை நோக்கித் திரும்பினார்.

கதவில் மாப்பிள்ளை நின்றார். வெளியே ஓடத்தான் அங்கே வந்திருந்தார். ஆனால் இத்தனை பேரும் இந்தக் கோலத்தில் ஊருக்குள் போனால் கடைசியில் யார் கையெழுத்தைத் தேடுவார்கள் என்ற நினைப்பு அவர் காலைக் கட்டிப்போட்டது. பயத்தில் அவர் மனப்பாடம் செய்திருந்த விதிகள் எல்லாம் தாமாகவே வாயில் வந்தன.

"யாரும் வெளிய போகக் கூடாது. போட்டிருக்கறத இங்கயே கழட்டணும். கை, முகம், கழுத்து கழுவணும். அப்புறம்தான் வாசப்படி."

"யோவ், நான் யார் தெரியுமா?" என்றது ரோமத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

"தெரியும் சார். இதெல்லாம் நீங்க எழுதினதுதான்."

அறையில் இருந்தது ஒரே ஒரு குழாய். எதிலும் ஒரு முறை உண்டல்லவா? முதலில் ஆணையர், பிறகு அவர் உதவியாளர்கள், பிறகு முதலாளி. கழற்றிய கோட்டுகளுக்குப் பதிலாகப் பெண்களுக்கென்று தைத்து மிஞ்சியிருந்த மேலங்கிகளைக் கொடுத்தார்கள். ஆணையருக்குப் பொத்தான் எட்டவில்லை. ஒயர்மேன் ஒரு துண்டு ஒயரால் முடிந்துவிட்டார். கடைசியாகப் பெண்கள் கழுவ வந்தார்கள். கூட்டத்தின் பின்னால் நின்றிருந்த டாக்டர், இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். குழாய்ப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொருவரையும் பார்த்தார்.

"சட்டைக் கைய மடிச்சுக் கழுவும்மா."

"பரவால்ல டாக்டர்" என்றாள் பெரியக்கா. புது மேலங்கிக்குள்ளும் அந்த முழுக்கைச் சட்டை இருந்தது.

"மடி."

அவள் மெல்ல மடித்தாள். முழங்கைக்குக் கீழே பொட்டு அளவில் ஒரு கொப்புளம். சுற்றிலும் வீக்கம். நடுவில் கறுப்பு.

"வலிக்குதா?"

"இல்ல."

"வலிச்சாத் தேவலை" என்றார் டாக்டர். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். "இது இன்னைக்கு வந்தது இல்ல. ரெண்டு மூணு நாள் ஆயிருக்கு. என்கிட்ட இருக்கற ஊசிய இப்பவே போட்டுடறேன். ஆனா உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். சாயங்காலம் பாக்கலாம்னு விட்டா நான் பொறுப்பில்ல."

பொறுப்பு யார் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். மாப்பிள்ளையின் அறைக் கதவிலேயே பித்தளையில் எழுதியிருந்தது.

முதலாளி மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்தார். முகத்தில் ஈயாடவில்லை, புருவத்தில் மட்டும் ரோமம் ஆடியது. "மாப்பிள்ளை, கொசுக்கடின்னு சொல்லுங்க. கேடயம் இன்னும் என் கைக்கு வரல. விழா முடியட்டும், ராத்திரி நானே வண்டி வெச்சு அனுப்பறேன். குடும்ப மானம்."

மாப்பிள்ளை பெரியக்காவைப் பார்த்தார். அவள் சட்டைக் கையை மறுபடி இறக்கிவிடப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வேலைய விட்டு நிறுத்திடாதீங்க மாப்பிள்ளை சார்" என்றாள் மெதுவாக. அந்த ராகம் அதில் இல்லை. அவருக்கு என்னவோபோல் இருந்தது. ஆனாலும் அவர் மனம் ஓடியது ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம். மறைத்தால் நம் தப்பு. அன்றைக்கே அனுப்பினால் இல்லை.

"ராத்திரி ஆகாது மச்சான். வண்டி எங்க?"

மில் லாரி சரக்கு இறக்கப் போயிருந்தது. முதலாளியின் கார் விருந்துச் சாப்பாடு எடுத்துவரப் போயிருந்தது. வாசலில் நின்றது ஆணையரின் கார் மட்டும்தான். ஆணையரும் அப்போது அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"டிரைவரக் கூப்பிடுங்க. நான் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். தொண்டையெல்லாம் கரகரன்னு இருக்கு."

"அது பேசினதுல வந்தது சார்" என்றார் டாக்டர். "நோய் பிடிச்சிருந்தாலும் தெரிய நாளாகும். இந்தம்மாவுக்குத்தான் இப்ப அவசரம்."

"அவங்க அடுத்த வண்டியில வரட்டும். விதிப்படி ஆபத்துக்கு ஆளானவர அன்னைக்கே அனுப்பணுமா இல்லியா? எங்க அந்தப் பொறுப்பு அதிகாரி?"

மாப்பிள்ளை முன்னால் வந்தார். தன் வாழ்நாளில் யாருக்கும் 'முடியாது' என்று சொல்லாதவர் அவர். சொல்லத் தெரிந்திருந்தால் குடை வியாபாரமே ஆரம்பித்திருக்க மாட்டார்.

"சார், அந்த விதி 'அபாய ரோமத்தில் வேலை செய்யும் தொழிலாளி'ன்னுதான் சொல்லுது. நீங்க தொழிலாளி இல்ல. விருந்தாளி."

"அதனால?"

"உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும் சார். ஆனா சட்டப்படி எனக்கு ஒண்ணும் ஆகாது. இந்தம்மாவுக்கு ஆச்சுன்னா என்னைய உள்ள வெச்சுடுவாங்க."

இவ்வளவு உண்மையான பேச்சு அந்த மேடையில் அன்று வேறு யாரும் பேசவில்லை. அதற்குள் டாக்டர் ஊசியைப் போட்டு முடித்தார். மாப்பிள்ளை பெரியக்காவைக் கூட்டிக்கொண்டு போய்க் காரின் பின்சீட்டில் உட்கார வைத்து, டிரைவரிடம் "ஆணையர் உத்தரவு" என்றார். டிரைவர் சல்யூட் அடித்துவிட்டுக் கிளம்பினார்.

"கொடி போட்ட காரா?" என்றாள் பெரியக்கா ஜன்னல் வழியாக. வாய் திரும்பிக்கொண்டிருந்தது. "ஏன் சார், கழுத்துலயே வந்திருந்தா விமானம் வெச்சிருப்பீங்களோ?"

உள்ளே ஆணையர் கதிகலங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். தானே எழுதிய விதிக்குள் தனக்கு இடமில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருந்தது. தினசரிப் பரிசோதனை தொழிலாளிக்கு. முன்னெச்சரிக்கை மருந்து தொழிலாளிக்கு. ஆஸ்பத்திரியில் ஒதுக்கிய படுக்கை தொழிலாளிக்கு. விருந்தாளிக்கு என்று பார்த்தால் டீ மட்டும்தான்.

"அப்ப," என்றார் கடைசியில், யார் முகத்தையும் பார்க்காமல், "என்னையும் தொழிலாளியாச் சேத்துக்குங்க."

முதலாளி சிரிக்க வாயெடுத்தார். ஆணையர் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை பச்சை மைப் பேனாவை எடுத்து, சேர்க்கைச் சீட்டில் எழுதினார்: மூட்டை பிரிப்பவர், தற்காலிகம். முன் அனுபவம்: ஒரு மூட்டை.

"ஒரு டீ கிடைக்குமா? தொண்டை காயுது" என்றார் புதுத் தொழிலாளி.

மாப்பிள்ளை பலகையைக் காட்டினார்.

அதற்கடுத்த வாரம் முழுக்க ஆணையர் தினமும் காலையில் கொடி போட்ட காரில் மில்லுக்கு வந்து, இறங்கி, பெண்கள் வரிசையில் கடைசி ஆளாக நின்று கழுத்தையும் கையையும் காட்டிவிட்டுப் போனார். சவரக் கத்தி கீறிய இடத்தை ஒருநாள் டாக்டர் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்; அன்று ஆணையரின் அலுவலகத்தில் ஒரு காகிதமும் நகரவில்லை. வரிசையில் நின்ற நேரத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. விசிறியைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். அலமாரிச் சாவியைக் கேட்டார். பார்த்ததையெல்லாம் தொழிலாளி என்ற முறையில் ஒரு புகாராக எழுதி ஆணையருக்கு அனுப்பினார். ஆணையர் அன்றைக்கே நடவடிக்கை எடுத்தார். அந்த மில்லில் தொழிலாளி கொடுத்த புகார்களில் பதில் வந்தது அது ஒன்றுக்குத்தான்.

விசிறியின் இரண்டு ஒயரும் பழையபடி மாறின. தொட்டியில் மூட்டைகள் ஊறத் தொடங்கின. மீன்கள் ஒரு கண்ணாடி ஜாடியில் மாப்பிள்ளையின் மேசைக்கு வந்தன. முதலாளி அவருக்கு அனுப்பிய கடைசி மரியாதை அது. மச்சான் பேசுவதை நிறுத்திக்கொண்டார். நாற்காலியையும் பறித்திருப்பார். ஆனால் பொறுப்பு அதிகாரியைத் தன் அனுமதியின்றி மாற்றக் கூடாது என்று ஆணையர் உத்தரவு போட்டுவிட்டார். தன் கழுத்தைச் சரியாகப் பார்க்கத் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லையாம். "உங்கள நம்பின எங்கண்ணனுக்கு இப்படிச் செஞ்சுட்டீங்களே" என்று மனைவி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி 'கொடி போட்ட காரையே உங்க வீட்டுக்காரர் அனுப்பி வெச்சாராமே' என்று கேட்ட பிறகு இறக்கிவிட்டாள்.

பெரியக்கா முழங்கைக்குக் கீழே ஒரு தழும்போடு திரும்பி வந்தாள். வேலை அவளுக்காகக் காத்திருந்தது. கொப்புளம் காட்டிய ஆளை நீக்கக் கூடாது என்று புகாரில் ஒரு வரி இருந்தது. ஆணையர் அதைத் தன்னை நினைத்துத்தான் எழுதியிருந்தார்.

அதே நாளில் அரசாங்கத்திலிருந்து விதிகளுக்கு ஒரு திருத்தம் வந்தது. 'தொழிலாளி' என்பது வருகை தரும் உயர் அதிகாரிகளையும் குறிக்கும். ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியவர் ஒருவருக்கு மேல் இருந்தால் பதவி வரிசைப்படி அனுப்ப வேண்டும். மூட்டை அறைச் சுவரில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டவும்.

மாப்பிள்ளை ஒட்டினார். சாப்பாட்டுப் பைகள் வெளியே போய்விட்டதால் ஆணி இருக்கும் சுவர் காலியாக இருந்தது. ஆணியில் தொங்கிய பலகைக்குக் கீழே ஒட்டினார். பெரியக்கா வந்து, தலையைச் சாய்த்து, கடைசி வரிவரை வாசித்தாள்.

"பதவி வரிசைன்னா நான் எத்தனாவது மாப்பிள்ளை சார்?"

மாப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்தார்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் அவள் அந்த முழுக்கைச் சட்டையைக் கழற்றி, உதறாமல், ஆணியில் மாட்டினாள். சட்டை திருத்தத்தை மேலிருந்து கீழ்வரை மூடிக்கொண்டது.

மாப்பிள்ளை பார்த்துக்கொண்டுதான் நின்றார். மேலே போட்டதை அங்கேயே கழற்றி மாட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது விதி.